துடைத்த தரையும் பூனையின் நாக்கும்

பூனை ஃபினாயில் பாட்டிலைத் திறந்து குடிக்காது. அது தெரிந்ததால்தான் பாட்டிலை சிங்க்குக்குக் கீழே உள்ளே தள்ளி வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று பெரும்பாலான வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பூனையின் வயிற்றுக்குள் ஃபினாயில் போவது தரை வழியாக. காலையில் மாப் போட்ட ஈரத் தரையில் நாலு எட்டு நடக்கிறது, பால்கனிக் கதவோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்காருகிறது, முன்னங்காலைத் தூக்கி விரலிடுக்கு ஒவ்வொன்றாக நக்கத் தொடங்குகிறது. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. நாய்க்கும் பாதம் இருக்கிறது, தவழும் குழந்தைக்கும் உள்ளங்கை இருக்கிறது, ஆனால் பூனை அளவுக்கு உடம்பில் ஒட்டிய ஒவ்வொரு துளியையும் ஒழுங்காக வழித்து விழுங்குகிற பிராணி வீட்டில் வேறு எதுவும் கிடையாது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கை அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத்தான் செலவிடுகிறது. நாக்கில் பின்பக்கம் பார்த்தபடி வரிசையாக முட்கள் இருப்பதால், ரோமத்தில் ஒட்டியதைத் துப்பிவிடவும் அதற்கு வசதியில்லை.

இதையெல்லாம் பெங்களூரில் இருந்துகொண்டு எழுதுகிறேன். அல்சூர், விவேக்நகர், முருகேஷ்பாளையா என்று நம்மவர்கள் தலைமுறைகளாக இருக்கும் தெருக்களிலும் சரி, வேலைக்காக வந்து குடியேறிய ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு அடுக்ககங்களிலும் சரி, இந்தச் சில வருடங்களில் பூனை வளர்ப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருக்கிறார்கள். ஆனால் வீடு துடைக்கும் பழக்கம் பூனை வருவதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. தினமும் ஒரு மாப், அதில் மூக்கைத் துளைக்கும் வாசனை, வாசனை இல்லாவிட்டால் துடைத்ததாகவே கணக்கில்லை. அந்த வாசனைதான் பூனைக்குச் சிக்கல். ஏன் என்று புரிந்துகொள்ள அதன் கல்லீரலுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மனிதர்களுக்கு உடம்பில் ஒரு வேதிப்பொருள் நுழைந்தால் கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை போன்ற ஒரு பொருளைக் கோத்து, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியே அனுப்பிவிடும். இந்த வேலையைச் செய்யும் நொதிகள் பல. அவற்றில் ஃபீனால் வகைப் பொருட்களை, அதாவது கருப்பு ஃபினாயில், டெட்டால் போன்றவற்றில் இருக்கும் வேதிப்பொருள் குடும்பத்தைக் கவனிக்கிற முக்கியமான ஒன்றின் மரபணு, பூனையிடம் உடைந்துபோய்க் கிடக்கிறது. மரபணு இருக்கிறது, வேலை செய்யாது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த 18 இனங்களைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் அது இப்படித்தான் உடைந்திருந்தது. அதாவது இது நம் வீட்டுப் பூனையின் தனிப்பட்ட பலவீனம் கிடையாது, அதன் பெரிய சொந்தக்காரர்களுக்கும் இதே கதைதான். காரணமாகச் சொல்லப்படுவது சாப்பாடு. இலை, பழம், விதை தின்னும் பிராணிகள் தாவரங்களில் உள்ள ஃபீனால் போன்ற கசப்புப் பொருட்களை தினமும் சமாளிக்க வேண்டியிருக்கிறது, இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பூனை வம்சத்துக்கு அந்தத் தேவை இல்லை, தேவையில்லாத மரபணு கெட்டுப்போனாலும் லட்சக்கணக்கான வருடங்களுக்கு யாருக்கும் நஷ்டமில்லை. இதே மரபணு மீனும் கணவாயும் தின்று வாழும் யானைச் சீலிடமும் தனியாகக் கெட்டுப்போயிருக்கிறது என்பதைப் படித்தபோது இந்த விளக்கம் எனக்கு இன்னும் உறுதியாகப் பட்டது.

நமக்குக் காய்ச்சலென்றால் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு ஏன் எமன் என்பதற்கும் காரணம் இதுதான். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். டோலோவைப் பாதியாக உடைத்துப் பூனைக்குக் கொடுப்பது என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபீனால் கதையும் கிட்டத்தட்ட அதே பாதைதான். நம் உடம்பு சில மணி நேரத்தில் கழுவித் தள்ளும் அளவு, பூனை உடம்பில் ரொம்ப நேரம் தங்கிச் சுற்றுகிறது. மறுநாளும் அதே தரை, அதே பாதம்.

சரி, எதில் ஃபீனால் இருக்கிறது? சுலபமான அடையாளம் ஒன்று உண்டு: தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுத்தால் சந்தேகப்படுங்கள். டெட்டால் அப்படித்தான் வெளுக்கும். அந்தப் பழைய மஞ்சள்-பழுப்பு டெட்டாலில் 4.8 சதவீதம் குளோரோசைலினால், கூடவே பைன் எண்ணெய், ஆல்கஹால். குளோரோசைலினால் ஒரு ஃபீனால். கருப்பு ஃபினாயில் தார் வடித்தெடுக்கும்போது கிடைக்கும் ஃபீனால் வகைப் பொருட்களிலிருந்து செய்வது. பூனை இருக்கும் வீட்டுக்குள் அதற்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் கருத்து, மாட்டுத் தொழுவத்துக்கும் சாக்கடைக்கும் அது சரியாக இருக்கலாம். வெள்ளை ஃபினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெயும் சோப்பும். தார் இல்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது, பைன் எண்ணெயும் பூனை கல்லீரலால் எளிதில் கையாள முடியாத பொருள்தான். தண்ணீர் வெளுப்பது எண்ணெய் கரையாமல் துளித்துளியாக மிதப்பதால் என்பதால், வெளுக்கும் எல்லாவற்றிலும் ஃபீனால் இருக்கும் என்று இல்லை, வெளுக்காததெல்லாம் பத்திரம் என்றும் இல்லை. அவசரத்துக்கு உதவும் ஓர் அடையாளம், அவ்வளவே.

டெட்டால் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தரையைவிட இது அடிக்கடி நடக்கிறது. பூனை சண்டை போட்டுக் காயத்தோடு வந்தால் பஞ்சில் டெட்டால் நனைத்து ஒற்றுவது, உண்ணி வந்தால் டெட்டால் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது. குழந்தைக்கு முழங்கால் சிராய்த்தால் அம்மா செய்ததை நாம் பூனைக்கும் செய்கிறோம், அன்பில் குறையில்லை, ஆனால் அது காயத்தை நக்கும், நக்கியதை விழுங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரில் காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டினால் போதும்.

இந்த ஊரில் ஃபினாயிலைப் பற்றிப் பேசும்போது லேபிள் உள்ள பாட்டிலை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். வண்டியில் வைத்துத் தெருத் தெருவாக “ஆசிட், ஃபினாயில்” என்று கூவி விற்பவர்களிடம் வாங்கும் வீடுகள் ஏராளம். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள், விலை குறைவு, வாசனை பலம். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருக்காது. விற்பவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் பூனை வாயில் நுரை தள்ளி மருத்துவமனைக்கு எடுத்துப் போகும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி “எதைத் தொட்டது, லேபிள் எங்கே?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லையென்றால் அவரும் இருட்டில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அதே காரணத்துக்காக, பெரிய கேனில் வாங்கிச் சின்ன பாட்டிலில் மாற்றி வைக்கிறவர்கள் அந்தச் சின்ன பாட்டிலில் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி ஃபீனாலே இல்லாத, நாகரிகமான பாட்டில்களுக்கு வருவோம். லைசால் வகைத் தரை திரவங்களின் லேபிளைப் படித்தால் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கும். கிருமிநாசினி ஸ்பிரேக்கள், கிருமி கொல்லும் துடைப்புத் தாள்கள் பலவற்றிலும் இதே வகை, துணியை மெத்தென்று ஆக்கும் திரவங்களில் இதன் சொந்தக்காரர்கள். இது கல்லீரல் வரை போகக்கூடக் காத்திருப்பதில்லை, பட்ட இடத்திலேயே புண்ணாக்குகிறது. பூனைக்குப் பட்ட இடம் என்றால் நாக்கு. பென்சல்கோனியம் பட்டதாகப் பிரிட்டனில் விலங்குகளுக்கான நஞ்சுத் தகவல் மையத்துக்குத் தகவல் வந்த 245 பூனைகளின் விவரங்களைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். அவற்றில் பாதிக்கு மேல் எச்சில் ஒழுகியவை, பத்தில் நான்குக்கு நாக்கில் புண், அதே அளவுக்குக் காய்ச்சல். பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன, அதுவும் உண்மை.

இதில் என்னைப் பயமுறுத்துவது தாமதம்தான். பூனை நக்கியதும் எதுவும் தெரியாது. சில மணி நேரம் வழக்கம் போல விளையாடும். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு வரை வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போய்விடும். காலையில் தரை துடைத்ததற்கும் ராத்திரி சாப்பிடாததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. “ஃபுட் பிடிக்கலை போல” என்று வேறு பிராண்டு வாங்கி வருவார்கள். இப்படியே இரண்டு மூன்று நாள் போனால் அது வெறும் வாய்ப்புண்ணாக இருக்காது. பட்டினி கிடக்கும் பூனையின், முக்கியமாகக் கொஞ்சம் குண்டான பூனையின் உடம்பு, சேர்த்து வைத்த கொழுப்பை மொத்தமாகக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவையும் கையாள முடியாது, கொழுப்பு அங்கேயே தேங்கி மஞ்சள் காமாலை வரை போகும். நாக்கு நுனியில் வந்த ஒரு சின்னப் புண் கல்லீரலில் போய் நிற்பது இப்படித்தான். அதனால் ஒரு முழு நாள் சாப்பிடாத பூனையை “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடாதீர்கள்.

பெங்களூருக்கென்று ஒரு தனிப் பிரச்சினை தண்ணீர். காவிரி வரும் இடங்கள் தவிர, போர்வெல்லையும் டாங்கரையும் நம்பியிருக்கும் பகுதிகளில் தண்ணீர் அவ்வளவு உப்பு. குழாயில் வெள்ளைப் படலம், பாத்ரூம் டைல்ஸில் காய்ந்த கறை, பக்கெட் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல. இது சோப்புக்கு மசியாது, அமிலத்துக்குத்தான் மசியும். அதனால்தான் இந்த ஊர் வீடுகளில் ஆசிட் இவ்வளவு சரளமாகப் புழங்குகிறது. கழிவறை கழுவும் பிரபலமான நீல பாட்டிலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 10 சதவீதம். திறந்த பாட்டிலில் வரும் ஆசிட் அதைவிடப் பல மடங்கு காட்டமாக இருக்கலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று. அந்த உத்தரவு வந்தது மனிதர்கள் மீது வீசப்பட்ட ஆசிட்டுக்காக. பூனைக்கு யாரும் வீச வேண்டியதில்லை, ஈரமான பாத்ரூம் தரையில் அது நடந்தாலே பாதத்தின் மெத்தையில் தோல் வெந்துவிடும். பாத்ரூமுக்கு ஆசிட் போடுவதென்றால் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் போடுங்கள், நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், கழிவறை மூடியை எப்போதும் மூடியே வையுங்கள். கழிவறைத் தண்ணீரைக் குடிக்கும் பூனைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அடைப்பெடுக்கக் குழாயில் கொட்டும் வெள்ளைத் தூள் காஸ்டிக் சோடா, அமிலத்துக்கு நேர் எதிர், ஆனால் வெந்துபோவதில் அதைவிட மோசம்.

ஆசிட் ஊற்றிய இடத்திலேயே, கறை போகவில்லை என்று பிளீச்சும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. நமக்கே இருமித் தொண்டை அடைக்கும். குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, மேலே எழாமல் தரையோடு தரையாகப் படியும். ஐந்தடி உயரத்தில் நம் மூக்கு இருக்கிறது, அரையடி உயரத்தில் பூனையின் மூக்கு இருக்கிறது. நாம் “கொஞ்சம் நெடிதான்” என்று நினைக்கும்போது அது என்ன அளவை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பிளீச்சுக்கும் பூனை மூத்திரத்துக்கும்கூட ஆகாது. பூனை மூத்திரம் காயக் காய அதில் அமோனியா உண்டாகும், அதன்மேல் பிளீச் ஊற்றினால் குளோராமைன் என்ற கண்ணெரிச்சல் புகை கிளம்பும். லிட்டர் தட்டை, அதாவது பூனை மூத்திரம் போகும் மணல் தட்டை, நேரடியாக பிளீச்சால் கழுவாதீர்கள், முதலில் சோப்பும் வெந்நீரும் விட்டு நன்றாகத் தேய்த்து அலசிவிடுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். இன்னொரு விநோதம், பல பூனைகளுக்கு பிளீச் வாசனை என்றால் கிறக்கம். அந்த இடத்தில் போய் முகத்தைத் தேய்க்கும், புரளும், நக்கும். வாசனை பிடிக்காமல் தானே விலகிப் போய்விடும் என்று பிளீச் விஷயத்தில் மட்டும் நம்பவே கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு சந்தர்ப்பத்தில் நான் பிளீச்சுக்காகத்தான் வாதாடுவேன். அது பன்லூக்கோபீனியா. தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டே நாளில் கொண்டுபோகும் வைரஸ் நோய், நாய்களின் பார்வோவுக்கு நெருங்கிய உறவு. ஒரு குட்டி இந்த நோயில் போய்ச் சேர்ந்தால் துக்கத்தில் வீடு முழுக்க டெட்டாலும் ஃபினாயிலும் ஊற்றிக் கழுவுகிறார்கள். அந்த வைரஸ் இரண்டுக்குமே அசையாது. பென்சல்கோனியத்தையும் இதற்கு நம்ப முடியாது. வீட்டுக்குள் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, அது உயிரோடு கிடக்கும். அதைக் கொல்வது பிளீச்: 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், முதலில் அழுக்கை சோப்பால் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். சரியாகக் கலந்து, அலசி, காய்ந்த பிறகு பிளீச் மிச்சம் வைப்பது கொஞ்சம் உப்பைத்தான். எண்ணெய்ப் பசையோடு தரையில் ஒட்டிக்கொண்டே இருக்கும் ஃபினாயிலோடு ஒப்பிட்டால் அலசிய பிளீச் எவ்வளவோ மேல். எல்லோரும் பயப்படும் பாட்டில் சரியாகக் கையாண்டால் பரவாயில்லை, யாரும் பயப்படாத வாசனை பாட்டில்தான் மெல்ல வேலையைக் காட்டுகிறது.

அந்துருண்டையைச் சேர்க்காமல் இதை முடிக்க முடியாது. பீரோவில் வைப்பது ஒரு பக்கம், நம் வீடுகளில் வாஷ்பேசின் ஓட்டையிலும் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜல்லித் தட்டிலும் இரண்டு வெள்ளை உருண்டை எப்போதும் கிடக்கும், கரப்பான் வராமல் இருக்கவும் நாற்றம் போகவும். பூனைக்கு வாஷ்பேசின் என்றால் வெயில் காலத்தில் படுக்கை, குழாய் சொட்டினால் தண்ணீர்த் தொட்டி. அந்த உருண்டையை உருட்டி விளையாடவும் செய்யும். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. எளிதில் தாக்குதலுக்கு ஆளாகும் கந்தக முனைகள் நம் ஹீமோகுளோபினில் 2, நாயினுடையதில் 4, பூனையினுடையதில் 8. நமக்குத் தாங்கும் தாக்குதலில் பூனையின் ரத்தம் உதிர்ந்துபோவது இதனால்தான். ஈறு வெளுக்கும் அல்லது பழுப்பாகும், மூத்திரம் தேநீர் நிறத்துக்கு மாறும், அதுவும் சில சமயம் ஓரிரு நாள் கழித்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலீன் உருண்டை விற்பனையை 2008இல் நிறுத்தியே விட்டார்கள். பூனை இருக்கும் வீட்டில் நாமாக நிறுத்திக்கொள்ளலாம். ஜல்லிக்கு வலை போட்டால் கரப்பானும் வராது.

“நான் கெமிக்கலே வாங்கறதில்லை, எல்லாம் நேச்சுரல்” என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் மென்மையாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்கள் எண்ணம் நல்லது. ஆனால் மழைக்காலத்தில் மாப் தண்ணீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம், எறும்பு வராமல் இருக்க கற்பூரம், வாசனைக்கு லெமன்கிராஸ் எண்ணெய் என்று விடும்போது, பூனையின் பார்வையில் இதுவும் ஃபினாயிலும் ஒரே ஜாதி. பைன், யூகலிப்டஸ், டீ ட்ரீ, கிராம்பு, சிட்ரஸ் எண்ணெய்கள் எல்லாமே தாவரம் தன்னைத் தின்ன வருவதை விரட்டத் தயாரித்துக்கொண்டவை, தாவரமே தின்னாத பூனைக்கு அவற்றைச் செரிக்கும் கருவி இல்லை. “ஹெர்பல்” என்று பச்சை இலைப் படம் போட்ட ஃபினாயிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பைன் எண்ணெய் இருக்கும். வெள்ளிக்கிழமை கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் துடைக்கும் பாட்டியின் முறையில் பூனைக்கு ஆபத்தாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதைக்கொண்டுதான் துடைப்பது? தினசரி அழுக்குக்கு வெந்நீரும், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டும் போதும், உண்மையாகவே போதும். உப்புக்கறைக்குக் கொஞ்சம் வினிகர், ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். அடிக்கடி துடைத்தால் ஆசிட் கேட்கும் அளவுக்குப் படியவே படியாது. மூத்திர நாற்றத்துக்கு நொதி கலந்த திரவங்கள் பிராணிகள் கடையில் கிடைக்கின்றன, விலை கூடத்தான், ஆனால் நாற்றத்தை மூடாமல் அதன் காரணத்தையே உடைப்பவை. கிருமிநாசினி வேண்டியே தீரும் என்றால் லேபிளில் சொன்ன அளவுக்குக் கலக்குங்கள். இங்கேதான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம், ஒரு மூடி என்று போட்டிருந்தால் வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று மூன்று மூடி ஊற்றுகிறோம். சரியாகக் கலந்து, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, மின்விசிறி போட்டுக் காயவிட்டு, அப்புறம் பூனையை வெளியே விட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். பூனையை அதுவரை ஒரு அறையில் தண்ணீரும் லிட்டரும் வைத்துச் சாத்திவையுங்கள். கத்தும். பரவாயில்லை.

ஆனால் பல வீடுகளில் துடைப்பவர் நாம் இல்லை. நாம் லேப்டாப் முன்னால் மீட்டிங்கில் இருக்கும்போது வேலைக்கு வரும் அக்கா துடைத்துவிட்டுப் போய்விடுவார், அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அவரிடம் யாரும் இதையெல்லாம் விளக்கியதில்லை, விளக்காமல் “பார்த்து ஊத்துங்க” என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? “அக்கா, இந்த வாசனை மருந்து பூனை நாக்குல பட்டா புண்ணாகுது, சாப்பிட மாட்டேங்குது. ஒரு மூடி போதும், கடைசில வெறும் தண்ணில ஒரு தடவை ஒத்தி எடுத்துடுங்க” என்று காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். இரண்டாவது முறை துடைக்க அவருக்கு நேரம் ஆகிறது, அந்த நேரத்துக்குக் கூலி சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். கையுறை வாங்கிக் கொடுங்கள், அந்த ஆசிட் அவர் கையையும்தான் தின்கிறது. மாப் பக்கெட்டை அழுக்குத் தண்ணீரோடு பால்கனியில் வைத்துவிட்டுப் போகாமல் உடனே கொட்டிவிடச் சொல்லுங்கள், பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கெட்டில்தான் வாய் வைக்கும். வீட்டுப் பெரியவர்கள் “இத்தனை வருஷமா ஃபினாயில்தான் போடறோம், எந்தப் பூனை செத்தது?” என்று கேட்டால் சண்டை வேண்டாம். அந்தக் காலத்துப் பூனை மதில்மேல் வாழ்ந்தது, மீன் தலைக்கு மட்டும் வீட்டுக்கு வந்தது. இது ராப்பகலாக அந்தத் தரையிலேயே கிடக்கிறது.

எல்லாம் மீறி நடந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக் கூடாததுதான் நிறைய. பாதத்திலோ ரோமத்திலோ பட்டிருந்தால் முதல் வேலை நக்கவிடாமல் தடுப்பது. துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு விட்டு விரலிடுக்கு வரை கழுவி, சோப்பு போகும்வரை அலசித் துடையுங்கள். ஆசிட் என்றால் சோப்புக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், ஓடும் தண்ணீர். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீரால் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். ஆசிட் போனபோது ஒரு முறை வெந்த தொண்டை திரும்பி வரும்போது மறுபடி வேகும், நுரைக்கும் திரவம் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். நம் ஊர்ப் பழக்கத்தில் உப்புக் கரைத்துப் புகட்டுவது உண்டு, சின்ன உடம்புக்கு அந்த உப்பே விஷம். ஹைட்ரஜன் பெராக்சைடு நாய்க்குக் கொடுப்பதாக இணையத்தில் படித்திருப்பீர்கள், பூனைக்குக் கூடவே கூடாது, வயிற்றுச் சுவரில் ரத்தம் கசியும். ஆசிட்டோ காஸ்டிக்கோ வாயில் பட்டிருந்து, அதுவாகத் தண்ணீர் குடித்தால் குடிக்கட்டும், சிரிஞ்சில் திணிக்காதீர்கள். அந்துருண்டை விழுங்கியிருந்தால் பால் கொடுக்காதீர்கள், நாப்தலீன் கொழுப்பில் கரைந்து இன்னும் வேகமாக உடம்பில் ஏறும்.

பிறகு நேரே மருத்துவர். எச்சில் ஒழுகுவது, வாயைக் காலால் பிறாண்டுவது, நாக்கு நுனி வெளியே தொங்குவது, தள்ளாடுவது, நடுங்குவது, மூச்சு இரைப்பது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். எதுவுமே தெரியாமல் வெறும் நக்கியது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால்கூட, பாட்டிலின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, கலந்ததா கலக்காததா என்று போனில் சொல்லிவிடுங்கள். பெங்களூரில் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கல்லூரி மருத்துவமனையில் எல்லா வகைப் பிராணிகளையும் பார்க்கிறார்கள். ஆனால் சர்ஜாபூரிலிருந்து மாலை நேர டிராஃபிக்கில் ஹெப்பாள் போய்ச் சேர்வது நடக்கிற காரியமா என்று இன்றைக்கே யோசித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்து நம்பரைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள், பூனைக் கூடையையும் லாஃப்டிலிருந்து இறக்கிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போகிறவர்களுக்கு. படிக்கட்டு, லிஃப்ட் முன்பக்கம், பார்க்கிங் எல்லாம் கருப்பு ஃபினாயிலால் கழுவும் அடுக்ககங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே தூங்குவது யாருடைய பூனையும் இல்லை, அதனால் அதன் நாக்கைத் திறந்து பார்க்கவும் யாரும் இல்லை. மொத்தமாக வாங்கும் பொருளை மாற்றச் சொல்வது ஒரு மின்னஞ்சல் வேலைதான். சோப்புத் திரவத்துக்கு மாறினால் செலவும் பெரிதாகக் கூடாது, கழுவிய பிறகு தண்ணீர் தேங்காமல் வழித்துவிடச் சொன்னால் போதும்.